வளர்ச்சிக் காரணி வெள்ளணுக்களின் ஒட்டுதலை மாற்றுகிறதா? ஆய்வகத்தில் கண்டறியும் முறை

பிறந்து நான்கு வாரங்கள் ஆகியும் தொப்புள்கொடி உதிராமல் நிற்கும் குழந்தைகளில் மிகச் சிலருடைய இரத்தத்தில் வெள்ளணுக்கள் இயல்பைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும். ஆனால் அவர்களுடைய புண்ணில் சீழ் கட்டாது. வெள்ளணுவின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய சிடி18 என்னும் இன்டெக்ரின் (பற்றிக்கொள்ள உதவும் புரதம்) கூறு பழுதுபட்டிருப்பதால், இரத்தத்தில் ஓடும் அணு நாளத்தின் சுவரைப் பற்றி நிற்க முடியாமல் அடித்துச் செல்லப்படுகிறது. எண்ணிக்கையில் படை பெரிதாக இருந்தும் போர்க்களத்தில் ஒருவரும் இறங்குவதில்லை. அழற்சியில் ஒட்டுதல் என்பது எவ்வளவு அடிப்படையானது என்பதை எனக்கு முதன்முதலில் உணர்த்தியது இந்த நோய்தான். மாணவர்களுக்கு இந்த ஆய்வுமுறையைக் கற்பிக்கும்போதெல்லாம் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த ஒட்டுதலைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவற்றுள், செல்களின் வளர்ச்சியையும் செயலையும் ஆளும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளும் அடங்கும். புதிய நாளங்களை வளர்ப்பதற்காக அறியப்பட்ட விஇஜிஎஃப், நாளச் சுவரில் ஒட்டுமூலக்கூறுகளை எழுப்புகிறது. டிஜிஎஃப்-பீட்டா அவற்றை அடக்குகிறது. ஆஞ்சியோபாய்ட்டின்-1 சுவரை அமைதிப்படுத்த, ஆஞ்சியோபாய்ட்டின்-2 அதே சுவரை அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபாவுக்கு எளிதில் இணங்கச் செய்கிறது. ஒரு காரணியைச் சேர்த்தவுடன் ஒட்டிய அணுக்களின் எண்ணிக்கை மாறுவதைக் காண்பது எளிது. அந்த மாற்றத்துக்கு அந்தக் காரணிதான் பொறுப்பா, அது செயல்பட்டது நாளச் சுவரின் மீதா வெள்ளணுவின் மீதா, மாறியது உருளுதலா உறுதியாக ஒட்டுதலா என்று சொல்வதுதான் கடினம். பின்வரும் வழிமுறை முழுவதும் இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியே விடுவிப்பதற்காக அமைக்கப்பட்டது.

படிகளை மனத்தில் நிறுத்துதல்

அழற்சி கண்ட இடத்தில், நுண்தந்துகிகளை அடுத்துள்ள சிறு சிரைகளின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியச் செல்கள், பி-செலக்டின், இ-செலக்டின் என்னும் ஒட்டுமூலக்கூறுகளை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. ஓடிவரும் வெள்ளணு இவற்றில் பட்டு, வேகம் குறைந்து, சுவரின் மீது உருள்கிறது. உருளும்போது இன்டர்லியூக்கின்-8 போன்ற கீமோகைன்களை (வெள்ளணுக்களை ஈர்க்கும் புரதங்களை) அது சந்திக்கிறது. அதனால் அதன் இன்டெக்ரின்கள் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து, சுவரில் உள்ள ஐகேம்-1, விகேம்-1 என்னும் ஒட்டுமூலக்கூறுகளை இறுகப் பற்றுகின்றன. அதன் பிறகே அணு செல்களுக்கு இடையே நுழைந்து திசுவுக்குள் செல்கிறது. அணுக்கள் சுவரோரம் உருள்வதை 19ஆம் நூற்றாண்டிலேயே தவளையின் நாளங்களில் கண்டிருந்தாலும், உருளுதலும் நிலையான ஒட்டுதலும் வெவ்வேறு மூலக்கூறுகளின் வேலை என்பதை 1991இல் லாரன்ஸும் ஸ்பிரிங்கரும் ஓட்ட அறையில் (பூசிய பரப்பின் மீது கரைசலைச் சீராக ஓடவிடும் சிறு அறையில்) தெளிவாகக் காட்டினர்: பி-செலக்டின் பூசிய பரப்பில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் உருண்டன, ஐகேம்-1 மட்டும் பூசிய பரப்பில், ஓட்டம் இருக்கும்போது, அவற்றால் தொற்றவே முடியவில்லை. ஓட்டமில்லாத கிண்ணத்தில் மட்டும் அளப்பவர் உருளுதல் என்னும் படியை முழுவதும் இழந்துவிடுகிறார் என்பது இந்த ஆய்வின் நேரடியான பாடம்.

ஊடகத்தில் ஏற்கெனவே இருப்பவை

மனித எண்டோதீலியச் செல்களைத் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து கொலாஜினேஸ் என்னும் நொதி கொண்டு பிரித்தெடுத்து வளர்க்கும் முறையை 1973இல் ஜாஃபேயும் குழுவினரும் வெளியிட்டனர். இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் அதையே பின்பற்றுகின்றன. இந்தியாவில் தொப்புள்கொடி பெறுவதற்கும், பின்னர் கொடையாளியிடமிருந்து இரத்தம் எடுப்பதற்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கொடுப்பவரின் எழுத்துபூர்வ இசைவும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

செல்களை நான்காவது அல்லது ஐந்தாவது மறுவளர்ப்புக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. வளர்ப்பில் பி-செலக்டின் மிக விரைவாகக் குறைந்துவிடும்; ஆகவே அந்த மூலக்கூறே உங்கள் கேள்வியாக இருந்தால் முதல் வளர்ப்பிலேயே வேலையை முடிக்க வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். எண்டோதீலியத்துக்கென்று ஆயத்தமாக விற்கப்படும் ஊடகங்கள் பலவற்றில் விஇஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2, ஈஜிஎஃப், ஐஜிஎஃப் ஆகியவை முன்னரே கலக்கப்பட்டிருக்கும். அத்துடன் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஹெப்பாரினும் இருக்கும். விஇஜிஎஃப் நிரம்பிய ஊடகத்தில் மூன்று நாள் வளர்ந்த செல்லுக்கு மேலும் சிறிது விஇஜிஎஃப் கொடுத்துவிட்டு "விளைவு இல்லை" என்று எழுதுவது, சர்க்கரைப் பாகில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு இனிப்பு கூடவில்லை என்று சொல்வதைப் போன்றது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஒட்டுமூலக்கூறுகள் எழுவதையே தணிக்கிறது. ஹெப்பாரின் விஇஜிஎஃப்-165 உடன் பிணைவதோடு பி-செலக்டின், எல்-செலக்டின் இரண்டின் பிணைப்பையும் தடுக்கிறது. சீரமும் தூயதன்று, தட்டணுக்களிலிருந்து வெளிவந்த பிடிஜிஎஃபும் டிஜிஎஃப்-பீட்டாவும் அதில் உள்ளன.

ஆகவே, செல்கள் இடைவெளியின்றி நிரம்பி, கூழாங்கல் பாவியதுபோன்ற தோற்றத்தை அடைந்த பிறகு, வளர்ச்சிக் காரணியும் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஹெப்பாரினும் இல்லாத, 1 அல்லது 2 சதவீதச் சீரம் மட்டும் கொண்ட ஊடகத்துக்கு அவற்றை மாற்றி, ஓரிரவு அமைதியாக விட வேண்டும். மறுநாள் காலையில் செல்கள் உதிராமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். உதிர்ந்திருந்தால் அந்தத் தட்டைக் கைவிடுவதே முறை.

எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது

விஇஜிஎஃபை மில்லிலிட்டருக்கு 20 முதல் 50 நானோகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். டிஎன்எஃப்-ஆல்ஃபாவை எல்லோரும் கை பழக்கத்தில் 10 நானோகிராம் போட்டுவிடுகிறார்கள். தனியாக அழற்சியை எழுப்ப அந்த அளவு சரியே. ஆனால் வளர்ச்சிக் காரணி அந்த அழற்சியைக் கூட்டுகிறதா என்று கேட்கும்போது அது தவறு. உச்சத்தைத் தொட்டுவிட்ட சுவரில் மேலும் ஏற இடமில்லை. முதல் வாரத்தை, டிஎன்எஃப் அளவு கூடக்கூட ஒட்டுதல் எப்படி ஏறுகிறது என்னும் கோட்டை வரைவதற்கே ஒதுக்கி, உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டுதலைத் தரும் அளவு எது என்று கண்டுபிடித்து அதில் வேலை செய்யுங்கள். அந்த அளவில் மட்டுமே கூட்டுவதையும் குறைப்பதையும் ஒருசேரக் காண முடியும்.

காலமும் அளவுக்கு இணையாக முக்கியம். பி-செலக்டின் செல்லுக்குள் வைபல்-பலாடு உறைகளில் சேமிக்கப்பட்டிருப்பதால், ஹிஸ்டமின், திராம்பின் போன்றவை பட்ட சில நிமிடங்களில் வெளிவந்துவிடும். இ-செலக்டின் புதிதாக உருவாக வேண்டும். டிஎன்எஃப் கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சம் அடைந்து, 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். ஐகேம்-1 மெல்ல ஏறி 24 மணி நேரத்திலும் நிலைத்திருக்கும். ஒரே நேரப்புள்ளியில் அளந்துவிட்டு விளைவு உண்டு, இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று எஃப்ஜிஎஃப்-2. அழற்சித் தூண்டலோடு சேரும்போது அது வெள்ளணுக்களின் வருகையை மிகுவிப்பதாக ஆய்வுகள் உள்ளன. ஆனால் 1996இல் நெதர்லாந்தில் கிரிஃபியோன் குழுவினர், எண்டோதீலியச் செல்களை நாட்கணக்கில் அதே காரணியில் ஊறவைத்தபோது ஐகேம்-1 குறைவதையும், அழற்சித் தூண்டலுக்கு அந்தச் செல்கள் மந்தமாவதையும் கண்டனர். புற்றுக்கட்டிகளின் நாளங்கள் வெள்ளணுக்களை உள்ளே விடாமைக்கு அது ஒரு விளக்கமாயிற்று. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. மணிக்கணக்கிலான வெளிப்பாடு வேறு, நாட்கணக்கிலான வெளிப்பாடு வேறு. டிஜிஎஃப்-பீட்டாவிலும் வரிசை முக்கியம்: 1988இல் கேம்பிளும் வாடாஸும் அதை முன்கூட்டியே செல்களுக்குக் கொடுத்து வைத்தபோதுதான், ஓய்விலிருந்த சுவரிலும் டிஎன்எஃப் தூண்டிய சுவரிலும் நியூட்ரோஃபில் ஒட்டுதல் குறைவதைக் காட்டினர். முன்பு கொடுத்தது, உடன் கொடுத்தது, பின்பு கொடுத்தது என மூன்று அமைப்புகளையும் ஒரே நாளில் அருகருகே வைப்பது சிரமமான வேலைதான்; ஆயினும் அதற்கு மாற்று இல்லை.

காரணியா, அதோடு வந்த மாசா?

மரபணுவை வேறோர் உயிரியில் செலுத்தித் தயாரிக்கும் மறுசேர்க்கை வளர்ச்சிக் காரணிகளில் பல ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கப்படுபவை. அந்தப் பாக்டீரியாவின் சுவர் நச்சான எண்டோடாக்சின் மிகச் சிறிதளவு எஞ்சியிருந்தாலும், சீரத்தில் கரைந்துள்ள சிடி14 என்னும் புரதத்தின் துணையுடன் எண்டோதீலியத்தைத் தட்டி எழுப்பி, இ-செலக்டினையும் ஐகேம்-1ஐயும் கொண்டுவந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு காரணி ஒட்டுதலை அழகாக உயர்த்துகிறது என்று ஏறத்தாழ மூன்று மாதம் நம்பியிருந்தோம். வேறொரு தொகுதிக் குப்பி வந்ததும் அந்த விளைவு மறைந்துவிட்டது. பழைய குப்பியைச் சோதித்தபோது எண்டோடாக்சின் இருந்தது. அந்த மூன்று மாதக் குறிப்பேடுகளை இன்னும் வைத்திருக்கிறேன்; புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் அவற்றைப் புரட்டிக் காட்டுவதுண்டு.

ஆகவே குப்பி வந்த அன்றே எண்டோடாக்சினைக் கண்டறியும் லிமுலஸ் சோதனை செய்யுங்கள். பின்னர், எண்டோடாக்சினைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின்-பி உடனும் அது இல்லாமலும் ஒரே ஆய்வை நடத்துங்கள். புரதத்தைக் கொதிக்கவைத்த கட்டுப்பாட்டுக் குழுவைப் பல கையேடுகள் பரிந்துரைக்கின்றன. இந்தக் குடும்பங்களுக்கு அதை நான் நம்புவதில்லை. விஇஜிஎஃபும் டிஜிஎஃப்-பீட்டாவும் வெப்பத்தை ஓரளவு தாங்குபவை. டிஜிஎஃப்-பீட்டாவின் உறங்கும் வடிவத்தையோ வெப்பமும் அமிலமும் விழிக்கவே செய்யும். காரணியை நடுநிலையாக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தோ, விஇஜிஎஃப் ஏற்பி-2இன் தடுப்பானைப் பயன்படுத்தியோ விளைவு நீங்குகிறதா என்று பார்ப்பதே வலுவான சான்று.

வெள்ளணுக்களைத் தூண்டாமல் பிரித்தெடுத்தல்

இரத்தத்தை, அது உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ கொண்ட குழாயில் எடுத்து, அறை வெப்பநிலையில் அடர்த்திச் சரிவுக் கரைசலின் மீது மெதுவாகப் பரப்பி, மையவிலக்கியில் சுழற்றிப் பிரிக்கலாம். கலந்துவரும் சிவப்பணுக்களைக் குறுகிய நேரம் செறிவு குறைந்த கரைசலில் வைத்து உடைத்து நீக்க வேண்டும். இதுவரையிலான எல்லாக் கரைசலும் கால்சியமும் மக்னீசியமும் அற்றவையாக இருக்கட்டும். கண்ணாடிக் குழாயைத் தவிர்த்து பாலிப்ரொப்பிலீன் குழாயையே பயன்படுத்துங்கள், வேகமாகக் கலக்காதீர்கள். ஓட்ட அறைக்குள் செலுத்துவதற்குச் சற்று முன்புதான் இரு அயனிகளையும் சேர்க்க வேண்டும். செலக்டின்களுக்குக் கால்சியமும் இன்டெக்ரின்களுக்கு மக்னீசியமும் தேவை என்பதால் இதை மறந்தால் ஒன்றும் ஒட்டாது. பிரித்தெடுத்த நான்கு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட வேண்டும்.

பிரித்த அணுக்களை ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அமைதியாக உள்ள நியூட்ரோஃபில் உருண்டையாக, ஓரம் மென்மையாக இருக்கும். ஒருபுறம் விசிறிபோல் விரிந்து, மறுபுறம் வால் நீண்டிருந்தால் அது ஏற்கெனவே தூண்டப்பட்டுவிட்டது. ஃப்ளோ சைட்டோமீட்டர் வசதி இருந்தால், எல்-செலக்டின் உதிர்ந்து, சிடி11பி என்னும் இன்டெக்ரின் கூறு உயர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்கலாம்.

இதே மாற்றங்களைத்தான் ஜிஎம்-சிஎஸ்எஃப், ஜி-சிஎஸ்எஃப் போன்ற காரணிகள் வெள்ளணுவில் நேரடியாக உண்டாக்குகின்றன. மோனோசைட் என்னும் மற்றொரு வெள்ளணுவின் மேற்பரப்பிலோ விஇஜிஎஃப் ஏற்பி-1 உள்ளது. ஆகவே காரணி கலந்த ஊடகத்திலேயே வெள்ளணுக்களைச் செலுத்தினால், செயல்பட்டது எந்தப் பக்கம் என்று பிரித்தறிய முடியாது. எண்டோதீலியத்துக்கு மட்டும் காரணியைக் கொடுத்து, இரண்டு முறை கழுவி, காரணியில்லாத கரைசலில் வெள்ளணுக்களைச் செலுத்துவது ஓர் அமைப்பு. வெள்ளணுவுக்கு மட்டும் கொடுத்துக் கழுவி, தீண்டாத சுவரின் மீது செலுத்துவது மற்றோர் அமைப்பு. இரண்டும் தேவை.

ஓட்ட அறை

சிறு சிரைகளின் சுவரில் உராய்வு அழுத்தம் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 4 டைன். இணைத்தட்டு அறையில் இதை அமைக்க, அழுத்தம் என்பது பாகுநிலையையும் ஓட்ட அளவையும் பெருக்கி, 6ஆல் பெருக்கி, அறையின் அகலத்தாலும் உயரத்தின் இருமடியாலும் வகுத்தால் கிடைப்பது. அகலம் 2.5 மில்லிமீட்டர், உயரம் 0.25 மில்லிமீட்டர், 37 டிகிரியில் கரைசலின் பாகுநிலை 0.007 பாய்ஸ் என்றால், 1 டைனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.22 மில்லிலிட்டர் ஓட்டம் வேண்டும். உயரம் இருமடியில் வருவதைக் கவனியுங்கள். அறையின் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கி, இடையிலுள்ள ரப்பர் தகடு 0.25இலிருந்து 0.20 மில்லிமீட்டராக நசுங்கினால், பம்ப்பில் எதையும் மாற்றாமலேயே அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். அன்று காரணி ஒட்டுதலைக் குறைத்துவிட்டதாகத் தோன்றும். ஒரே அளவு இறுக்கம் தரும் திருகுமுறுக்கி ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவன்று.

கரைசலை முன்னரே 37 டிகிரிக்குக் கொண்டுவந்து காற்றை நீக்கிவிட வேண்டும். குளிர்ந்த கரைசல் சூடாகும்போது குழாயின் வளைவில் கடுகளவு குமிழி ஒன்று தோன்றி, சிறிது நேரம் அங்கேயே தங்கி, பிறகு திடீரென்று நகர்ந்து அறைக்குள் செல்லும். அது கடந்த தடத்தில் எண்டோதீலியம் பாய் சுருட்டியதுபோல் உரிந்துவிடும். அந்த அறையின் பதிவை எண்ணாதீர்கள்.

மில்லிலிட்டருக்கு 10 லட்சம் அணுக்கள் என்ற செறிவில் ஐந்து நிமிடம் செலுத்தி, பின்னர் அணுக்களற்ற கரைசலை இரண்டு நிமிடம் ஓட்டி, அறையின் நடுப்பகுதியில் ஆறு முதல் பத்துப் புலங்களைப் பதிவு செய்யலாம். ஓட்ட அறை இல்லாத ஆய்வகத்தில், கால்சீன் என்னும் ஒளிரும் சாயம் ஏற்றிய அணுக்களை 96 குழித்தட்டில் அரை மணி நேரம் விட்டு, தட்டைக் கவிழ்த்துக் கழுவி, எஞ்சிய ஒளிர்வை அளக்கலாம். ஆனால் அது உறுதியான ஒட்டுதலை மட்டுமே சொல்லும்.

எண்ணுவதும் பொருள்கொள்வதும்

புலத்தில் நகராமல் 10 நொடி நின்ற அணுவை உறுதியாக ஒட்டியதாகவும், ஓட்டத்தின் வேகத்தைவிடத் தெளிவாகக் குறைந்த வேகத்தில் நகர்வதை உருளுவதாகவும் கொள்ளுங்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு. கட்ட வேறுபாட்டு (phase contrast) நுண்ணோக்கியில் சுவரின் மேல் நிற்கும் அணு பளிச்சென்று ஒளிரும். அது எண்டோதீலியத்துக்கு அடியில் நுழைந்ததும் தட்டையாகிக் கருமையாகத் தெரியும். கருத்த அணுக்களை விட்டுவிட்டு எண்ணினால், ஊடுருவலை விரைவுபடுத்தும் காரணி ஒட்டுதலைக் குறைத்ததாகத் தவறாக முடிவாகும்.

விளங்குவதற்காக மட்டும் ஒரு கணக்கு. கட்டுப்பாட்டில் 40 அணுக்கள் சுவரைத் தொட்டு, 10 உறுதியாக ஒட்டின. காரணி கொடுத்த சுவரில் 80 தொட்டு 20 ஒட்டின. ஒட்டியவை இருமடங்காயின, ஆயினும் தொட்டவற்றில் ஒட்டிய பங்கு கால்வாசியாகவே உள்ளது. இங்கே மாறியது பிடித்தல், செலக்டின்களைத் தேடுங்கள். தொட்டவை 40ஆகவே இருந்து 20 ஒட்டினால், மாறியது கீமோகைன், இன்டெக்ரின், ஐகேம்-1 பக்கம். 2006இல் ஜெர்மனியில் ஃபீட்லர் குழுவினர் ஆஞ்சியோபாய்ட்டின்-2 இல்லாத எலிகளில் கண்டது இந்த இரண்டாம் வகைக்கு நல்ல சான்று: வெள்ளணுக்கள் உருண்டன, ஆனால் உறுதியாக ஒட்டவில்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த வேறுபாடு தெரிந்திருக்காது. பின்னர் இ-செலக்டின், ஐகேம்-1, சிடி18 ஆகியவற்றைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களைத் தனித்தனியே சேர்த்து, அதே வகையைச் சார்ந்த, ஆனால் எதையும் தடுக்காத எதிர்ப்பொருளோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

விஇஜிஎஃபுக்கு மட்டும் உரிய இரண்டு பொறிகள் உள்ளன. அது எண்டோதீலியச் செல்களைப் பெருக்குவதால் புலத்தில் செல்கள் மிகுந்திருக்கலாம். உட்கருச் சாயமிட்டு, ஒட்டிய அணுக்களை நூறு எண்டோதீலியச் செல்களுக்கு இவ்வளவு என்று கூறுங்கள். மேலும் அது செல்களுக்கு இடையிலான இணைப்பைத் தளர்த்துவதால், அடியிலுள்ள ஃபைப்ரோனெக்டின் பூச்சு வெளிப்பட்டு, வெள்ளணுக்கள் அங்கே சென்று ஒட்டலாம். செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் விஇ-கேடெரினைச் சாயமிட்டு, இடைவெளி கண்ட புலங்களைத் தனியாகப் பிரித்து எண்ண வேண்டும்.

எலியின் முடிவுகளோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: எலியின் எண்டோதீலியத்தில் டிஎன்எஃப் பி-செலக்டினை மிகுவிக்கிறது, மனிதச் செல்களில் அவ்வாறு நிகழ்வதில்லை.

கடைசியாக, எண்ணிக்கை. ஒரே தொப்புள்கொடியின் செல்களை 12 குழிகளில் வளர்த்து, ஒரே கொடையாளியின் வெள்ளணுக்களைச் செலுத்தினால் கிடைப்பது ஒரே ஓர் ஆய்வுதான், பன்னிரண்டல்ல. கொடையாளிகளுக்கிடையே ஒட்டுதல் மிகவும் வேறுபடும். ஆகவே ஒவ்வொரு கொடையாளியின் கட்டுப்பாட்டையும் சிகிச்சையையும் அதே நாளில், அதே தொகுதிச் செல்களில் இணையாக நடத்தி, இணை இணையாக ஒப்பிடும் புள்ளியியல் சோதனையால் (paired test) ஒப்பிடுங்கள். எந்தக் கிண்ணம் எது என்று எண்ணுபவருக்குத் தெரியாதபடி, வேறொருவர் குறியிட்டுக் கொடுக்கட்டும்; குறிகளின் பட்டியல் எல்லாப் பதிவுகளையும் எண்ணி முடிக்கும்வரை மூடிய உறையிலேயே இருக்கட்டும்.